கார்த்திகைப்பூக் கொடியை வளவில் வளர்த்தல்

மாரி மழை பிடித்து ஆறேழு வாரங்கள் கழிந்த பின்னர் கிழக்கிலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் காட்டோரப் பாதைகளிலோ, பொத்துவிலைத் தாண்டி உகந்தைக்குப் போகும் வழியிலோ செல்பவர்கள், காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும் முட்பற்றைகளுக்கு மேலே, எவரும் நடாத ஒரு கொடி தலை நீட்டி நெருப்புச் சுவாலை போன்ற பூக்களை ஏந்தி நிற்பதைக் காணலாம். கார்த்திகை மாதத்தில் பூப்பதால் நாம் அதனைக் கார்த்திகைப்பூ என்கிறோம். பழந்தமிழில் அது காந்தள். கிழங்கு கலப்பையைப் போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வர். தமிழ்நாட்டில் அதனைப் பயிராகச் செய்யும் விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்கின்றனர்; சிங்களத்தில் நியங்கலா. தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் அதற்கு இட்ட குளோரியோசா சுபேர்பா என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாக வளரும் இக்கொடி சிம்பாப்வேயின் தேசிய மலராகவும் தமிழ்நாட்டின் மாநில மலராகவும் இருக்கிறது. நம் நாட்டில் இப்பூவுக்கு வேறு பொருள்களும் ஏற்றப்பட்டிருப்பதை வாசகர் அறிவர்; இங்கு எழுதுவது மண்ணில் முளைக்கும் கொடியைப் பற்றி மட்டுமே.

ஆண்டுதோறும் பலர் இப்பூவின் அழகில் மயங்கி, பூத்து நிற்கும் வேளையிலேயே அலவாங்கால் கிழங்கைக் கிண்டி எடுத்து வந்து, முற்றத்தில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, பத்து நாளில் அது கருகிப் போவதைக் கண்டு, இது காட்டுக்கொடி, வீட்டில் வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். நானும் இரண்டு முறை அவ்வாறு கொடியைச் சாகவிட்ட பின்னரே அதன் இயல்பைக் கற்றுக்கொண்டேன். கொடி மீது குற்றமில்லை. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மண்ணுக்குள் உறங்கும் ஒரு தாவரத்தை, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மல்லிகையைப் போலவும் செவ்வரத்தையைப் போலவும் நடத்துவதுதான் தோல்விக்குக் காரணம். அது உறங்கும் காலத்தையும் விழிக்கும் காலத்தையும் அறிந்து, அதற்கேற்பக் கை வைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கை வைத்தால், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மழைக்கும் கோடைக்கும் இதைப் போல ஒத்துப்போகும் பூங்கொடி வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

நடுவதற்கு முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

இக்கொடியின் வேரிலிருந்து விதை வரை எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதியாக உண்டு. கொல்ச்சிசீன் என்னும் அந்த நச்சுப்பொருள் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே தடுத்துவிடும். தகுந்த அளவில் பிரித்தெடுக்கப்பட்டு, கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருத்துவர்கள் தரும் மாத்திரையாக அது பயன்படுவது உண்மையே. ஆயினும் அதை ஆதாரமாகக் கொண்டு எவரும் கிழங்கை வீட்டில் அரைத்து மருந்தாக்க முற்படக் கூடாது. உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது ஓய்ந்து தேறிவிட்டது போலத் தோன்றும் நேரத்தில்தான் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். ஆகவே குழந்தையோ பெரியவரோ இதன் எப்பகுதியையாவது வாயில் போட்டுவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், தின்ற செடியின் ஒரு துண்டையும் உறையில் இட்டு எடுத்துக்கொண்டு அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நம் பகுதியில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் உண்டு. இலைகள் காய்ந்து விழுந்த பின்னர் மண்ணில் கிடக்கும் கிழங்கு, பார்ப்பதற்கு வற்றாளங்கிழங்கையோ சிறிய வள்ளிக்கிழங்கையோ ஒத்திருக்கும். அவ்வாறு மயங்கி அவித்து உண்டவர்கள் இறந்த நிகழ்வுகள் இலங்கையில் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. எனவே வற்றாளை, மரவள்ளி, இராசவள்ளி, இஞ்சி முதலிய எந்த உணவுக் கிழங்கும் நிற்கும் பாத்தியிலோ அதன் அருகிலோ இதை நடக் கூடாது. சமையலறைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓர் இடத்தைத் தெரிந்து, கல் வரிசையால் எல்லை கட்டி, வீட்டில் உள்ள அனைவருக்கும் அது இன்னதென்று சொல்லி வைக்க வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும், ஆடுகளை அவிழ்த்துவிடும் வளவிலும், அந்நிலை மாறும் வரை இதை நடாமல் இருப்பதே நல்லது. ஆடு மாடுகளுக்கும் இது நஞ்சே. கிழங்கையோ விதையையோ கையாளும்போது இறப்பர்க் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். சாறு சிலருடைய தோலில் எரிச்சலையும் உண்டாக்கும்.

கிழங்கை எங்கே பெறுவது, எப்படித் தெரிவது

குமண, லகுகலை போன்ற வனப் பூங்காக்களிலும் அரச காடுகளிலும் செடிகளைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் காட்டுக் கொடியைத் தோண்டுவதை நான் விரும்பமாட்டேன்; மருந்துச் சரக்குக்காகக் கிழங்குகள் தோண்டப்பட்டதால் இந்தியாவில் பல இடங்களில் இது இயற்கையில் அருகிவிட்டது. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கேட்டுப் பெறுவதும், இயலுமானால் பணம் கொடுத்து நாற்றுமேடையில் வாங்குவதும் சரியான வழிகள். சொந்த வயலோரத்திலோ, வீடு கட்டுவதற்காகத் துப்புரவாக்கும் காணியிலோ முளைத்திருந்தால் அதை எடுத்துக் காப்பாற்றுவது நன்றே. அப்போதும் பூத்திருக்கும்போது எடுக்கக் கூடாது. இடத்தில் ஒரு தடியை அடையாளமாக நட்டுவிட்டு, மாசி கடைசியில் தண்டு காய்ந்த பின்னரே எடுக்க வேண்டும்.

ஒரு முறை காசு கொடுத்து வாங்கி வந்த எட்டுக் கிழங்குகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. எல்லாம் கொழுத்த கிழங்குகள். ஆனால் ஒவ்வொன்றிலும் நுனி ஒடிந்திருந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. உருளைக்கிழங்குக்குப் பல கண்கள் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று முளைக்கும். கார்த்திகைக் கிழங்கு அப்படியன்று. அது இரு கைகளாகப் பிரிந்து கவைபோல இருக்கும்; ஒவ்வொரு கையின் கூர் நுனியிலும் ஒரேயொரு முளை மட்டுமே இருக்கும். அந்த நுனி முறிந்தால், மீதிக் கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் அக்கை முளைக்காது. ஆகவே வாங்கும்போது முதலில் நுனியைப் பாருங்கள், அடுத்ததாக எடையைப் பாருங்கள். ஒரு கை 50 முதல் 60 கிராம் வரை இருந்தால் அவ்வாண்டே பூக்கும் என்று நம்பலாம். விரல் பருமனே உள்ள சிறு கிழங்கு முளைத்து இலை விடும், பூக்காமலே உறங்கப் போய்விடும். அதுவும் வீணன்று, அடுத்த ஆண்டுக்குக் கொழுத்துக்கொள்ளும்.

கவையை இரண்டாகப் பிரித்து நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தானாகப் பிரிய வந்தால் பிரிக்கலாம். வலிந்து முறித்தால் காயத்தின் வழியே அழுகல் ஏறும். பிரித்தவற்றின் வெட்டு வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு நடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

காலக்கணக்கு

கிழக்கின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடுகிறது. பெரும்போகத்துக்கு வயல் உழும் அந்தக் காலமே இக்கொடி விழிக்கும் காலமும் ஆகும். தமிழ்நாட்டு விவசாய நூல்கள் ஆடி மாதத்தில் நடச் சொல்கின்றன. அங்கே கிணற்றுப் பாசனத்தில் செய்யும் பயிருக்கு அது சரி, இங்கே அந்த அறிவுரையைப் பின்பற்றினால் கோடையில் வீசும் வறண்ட கச்சான் காற்றின் சூட்டில் முளை கருகும். நம் பகுதிக்குப் புரட்டாசி நடுப்பகுதி, அதாவது செப்டெம்பர் கடைசி வாரம் முதல் ஒக்டோபர் முதல் வாரம் வரை, நடுவதற்குப் பொருத்தமான காலம். முதல் மழையின் ஈரம் பட்டு இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தலை காட்டும். அதன் பின்னர் வளர்ச்சி வேகமானது. ஏழெட்டு வாரத்தில் முதல் மொட்டுத் தொங்கும்.

எத்தனையோ பேர் கிழங்கை இழப்பது ஆனி, ஆடி மாதங்களில்தான். வெயில் கொளுத்துகிறதே, பாவம், கிழங்கு காய்ந்துவிடுமே என்ற இரக்கத்தில் வெறும் மண்ணுக்கு நீர் ஊற்றுகிறார்கள். உறங்கும் கிழங்குக்கு வேர் இல்லை, அந்நீரை அது உறிஞ்சாது. சூடும் ஈரமும் சேர்ந்து அதை அவித்து அழுக வைத்துவிடும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த அம்மம்மா, "அது உறங்குற கிழங்கு மனே, தண்ணிய ஊத்தி எழுப்பாத" என்று தடுத்தார். அப்போதே கேட்டிருந்தால் அந்த ஆண்டுக் கிழங்குகள் பிழைத்திருக்கும்.

மண்ணைத் தயார் செய்தல்

கல்லாறு, களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை நீளும் கடலோர மணல் நிலத்தில் வாழ்பவர்களுக்கு வடிகால் பற்றிய கவலை இல்லை. அவர்களுக்குக் குறை சத்துத்தான். ஓர் அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டி, அதனுடன் மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் கலந்து நிரப்பினால் போதும். பச்சைச் சாணம் கூடாது. அதன் சூட்டில் கிழங்கு அவிந்துவிடும். வாவிக்கு அருகில் உள்ள வளவுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், மழை இடைவெளி விடும் நாள்களில் அந்நீரை ஊற்றாமல், கூரையிலிருந்து பிடித்து வைத்த மழை நீரைப் பயன்படுத்துங்கள்.

கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்துக் களிமண்ணில் நிலைமை நேர் மாறானது. அங்கே சத்து உண்டு. கார்த்திகை மாதத்து அடைமழையில் நீர் இறங்காமல் இரண்டு நாள் தேங்கினால் கிழங்கு தப்பாது. அத்தகைய இடத்தில் தரையில் குழி வெட்டி நடவே கூடாது, வெட்டிய குழி கிணறு போல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரைக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு மேடை அமைத்து, இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய எரு என்ற அளவில் கலந்து இட்டு, மேடையைச் சுற்றி ஒரு வாய்க்காலும் வெட்டிவிட வேண்டும். கடலிலிருந்து தள்ளி, அம்பாறைப் பக்கத்துச் செங்கபில மண்ணில் கொடி இயல்பாகவே நன்றாக வரும். அரை அடி மேடே அங்கு போதுமானது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தலை வெயிலிலும் கால் நிழலிலும் இருக்க வேண்டும். காட்டில் அது முளைப்பது பற்றையின் அடியில், பூப்பது பற்றையின் உச்சியில் என்பதை நினைவில் வைத்தால் இடம் தெரிவது எளிது. ஒரு செவ்வரத்தை அல்லது நந்தியாவட்டைப் பற்றையின் கிழக்குப் பக்கம் மிகப் பொருத்தமானது.

நடுதல்

மேடையில் 6 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் சிறு பள்ளம் பறித்து, கிழங்கைப் படுக்கையாகக் கிடத்தி, முளை நுனி சற்றே மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூட வேண்டும். காலால் மிதித்து இறுக்கக் கூடாது. ஒரு கிழங்குக்கும் அடுத்ததற்கும் ஓர் அடி இடைவெளி விடுங்கள். கொடிக்கான பற்றுக்கோல்களை நடும் அன்றே ஊன்றிவிட வேண்டும். முளைத்த பின்னர் தடி ஊன்றப் போனால் மண்ணுக்குள் கிழங்கு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அதையே குத்திக் கிழித்துவிடுவோம். மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சருகு பரப்புங்கள். மழை தொடங்கியிருந்தால் நீர் ஊற்ற வேண்டியதில்லை. தொடங்காவிட்டால் நட்ட அன்று ஒரு முறை நனைத்து, முளை தெரியும் வரை மண் தூசியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கல்முனை போன்ற நெருக்கமான ஊர்களில் வளவு இல்லாதவர்கள் சாடியிலும் வளர்க்கலாம். குறைந்தது 30 சென்ரிமீற்றர் அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள மண் சாடியில் இரண்டு கிழங்கு நடலாம். சாடியின் அடித்துவாரத்தை ஓட்டுத்துண்டு வைத்து, மண் அடைக்காமல் காக்க வேண்டும். சாடி வளர்ப்பில் ஒரு பெரிய வசதி உண்டு: பங்குனியில் சாடியை அப்படியே தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட்டால் உறக்கக் காலம் முழுவதும் ஒரு துளி நீரும் படாமல் இருக்கும்.

பற்றிப் படரும் விதம்

பாகலுக்கும் பயற்றைக்கும் செய்வது போலவே இதற்கும் பந்தல் போட்டுவிட்டு, கொடி ஏறவில்லையே என்று வருந்துவோர் பலர். இக்கொடி எதனால் பற்றுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். முல்லை தண்டால் சுற்றி ஏறுகிறது. பாகல் தனிச் சுருளால் பற்றுகிறது. கார்த்திகைக் கொடிக்குத் தனிச் சுருள் இல்லை. அதன் இலையின் நுனியே நீண்டு மெலிந்து, சுருண்டு, எதிர்ப்பட்ட குச்சியை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இலை நுனி அவ்வளவு நீளமானது அன்று. ஆகையால் பென்சிலை விடப் பருத்த எதையும் அதனால் சுற்ற இயலாது. தென்னை மரத்தடியிலோ, சீமெந்துத் தூணருகிலோ, மதிலோரத்திலோ நட்டால் பற்றுவதற்கு எதுவும் அகப்படாமல் தரையில் சரிந்து, சேறு பட்டு அழுகும்.

எனவே அதற்கு வேண்டியது பருமன் குறைந்த குச்சிகள் நெருக்கமாக உள்ள ஓர் அமைப்பு. காய்ந்த புளியங் கிளையை அதன் சிறு கிளைகளோடு சேர்த்து ஊன்றுவது மிக எளிய வழி. காட்டில் அது ஏறும் பற்றைக்கு அதுவே கிட்டியது. கிளிசரியா வேலி உள்ளவர்கள் வேலியில் பருத்த தடிகளுக்கு இடையே மெல்லிய குச்சிகளைக் குறுக்காகக் கட்டிவிடலாம். கரையோரத்தில் வாழ்வோருக்கு அதனினும் நல்ல ஒன்று கையருகில் இருக்கிறது: தொழிலுக்கு உதவாது என்று ஒதுக்கிய பழைய மீன்வலை. இரண்டு கம்பங்களுக்கு இடையே ஆறு முதல் எட்டு அடி உயரத்துக்கு அதை இழுத்துக் கட்டினால், வலைக் கண்ணின் ஒவ்வொரு நூலும் இலை நுனிக்குப் பிடியாகிறது. ஆனால் வலையின் கீழ்விளிம்பு தரையைத் தொடக் கூடாது. ஒரு முழ உயரமாவது இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் குச்சிகளை ஊன்றிக் கொடியை மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாரி காலத்தில் எலி தேடி வரும் சாரைப்பாம்பும் உடும்பும் வலையில் சிக்கித் துடித்துச் சாகும். கொடி காய்ந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள், வெறும் வலை தொங்கினால் குருவிகள் சிக்கும்.

தண்டு மிகவும் முறியும் தன்மை உடையது. வாடைக்காற்று நேராக மோதும் இடத்தில் நட்டிருந்தால் வடகிழக்குப் பக்கமாக ஒரு கிடுகு மறைப்பு வேண்டும். கொடியை நாம் நினைத்த பக்கம் திருப்புவதற்காகக் கையால் வளைக்காதீர்கள். அது சாய்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு குச்சியைக் கொண்டுபோய் வைத்தால், மறுநாள் இலை நுனி தானாகவே அதைப் பிடித்திருக்கும். முளை அடியோடு முறிந்தால் பெரும்பாலும் அக்கிழங்கு அவ்வாண்டு திரும்ப முளைக்காது; மண்ணுக்குள் உள்ளதைத் தோண்டாமல் அடுத்த மாரி வரை விட்டுவிடுவதே செய்யக்கூடியது.

உரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடி ஓரடி உயர்ந்தபோது ஒரு முறையும், மொட்டு அரும்பும்போது ஒரு முறையும், கை நிறைய மக்கிய எருவுடன் சிறிது அடுப்புச் சாம்பலும் கலந்து அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இட்டால் போதும். யூரியா இட்டால் இலை தழைக்கும், பூ குறையும், தண்டு மேலும் எளிதில் முறியும்.

பூக்கும் நாள்கள்

மொட்டுப் பச்சை நிறத்தில் தலை கவிழ்ந்து தொங்கும். விரியத் தொடங்கும்போது ஆறு இதழ்களும் விளிம்பு நெளிந்தபடி பின்னோக்கி மடிந்து மேலே எழும்; முதலில் இளமஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுவதும் செக்கச்சிவப்பு. ஒரே பூ ஒரு வாரத்துக்கு மேல் நின்று நிறம் மாறுவதால், ஒரு கொடியிலேயே மூன்று நான்கு நிறப் பூக்கள் இருப்பது போலத் தோன்றும். விரிந்த இதழ்களைப் பழம் புலவர்கள் பெண்ணின் விரல்களுக்கு ஒப்பிட்டதைப் பள்ளியில் படித்திருப்போம். விடியற்காலையில் இக்கொடியருகே நின்று பார்த்தால் அவ்வுவமையின் பொருத்தம் தெரியும்.

பூவின் நடுவிலிருந்து சூல்தண்டு நேராக நீளாமல், ஏறத்தாழச் செங்கோணமாகப் பக்கவாட்டில் ஒடிந்தாற்போல வளைந்திருப்பதைக் கவனியுங்கள். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் படாமல், தேன்சிட்டோ வண்ணத்துப்பூச்சியோ வேறொரு பூவிலிருந்து கொண்டு வருவது சேர வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. ஒரேயொரு கொடி மட்டும் உள்ள வளவில் காய் பிடிக்காமல் பூக்கள் உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். விதை வேண்டுமானால், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், ஒரு கொடியின் மகரந்தப்பையை மெதுவாகக் கிள்ளி எடுத்து, மற்றொரு கொடியின் பூவில் மூன்றாகப் பிளந்திருக்கும் சூல்முடியில் தொட்டுத் தடவலாம். தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் மருந்துத் தொழிலுக்கான விதைக்காக இதைப் பயிரிடுவோர் பூப் பூவாக இவ்வாறு கையால்தான் செய்கின்றனர். விதை வேண்டாதவர்கள் வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடலாம். காய்க்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகும்.

பூவைக் கொய்து வீட்டில் வைக்க விரும்புவோர் இலையில்லாத குறுங்காம்போடு கொய்ய வேண்டும். இலைகளே அடுத்த ஆண்டுக் கிழங்கை ஊட்டுபவை. கொய்த பூ வைத்த செம்பு நீரும் நஞ்சு கலந்ததே; சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள், நீரைக் கோழி குடிக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

புழுவும் அழுகலும்

கரிய உடலில் வெள்ளைப் புள்ளிகளும் சிவந்த புள்ளிகளும் உள்ள ஒரு புழு இக்கொடியின் முதற்பகை. கொல்ச்சிசீன் அதற்கு நஞ்சாவதில்லை. ஓர் அந்துப்பூச்சி இலையில் இட்ட முட்டைகளிலிருந்து கூட்டமாக வெளிவந்து, கவனியாமல் விட்டால் நான்கைந்து நாளில் கொடியைத் தண்டு மட்டும் எஞ்சுமாறு மொட்டையாக்கிவிடும். கார்த்திகை முழுவதும் நாள்தோறும் காலையில் இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, கையுறையோடு பொறுக்கி, சவர்க்கார நீரில் போடுவதே வீட்டுக்குப் போதுமான மருந்து. பத்துக் கொடிகளுக்கு அது பத்து நிமிட வேலை. மழைக்காலத்தில் ஆபிரிக்க நத்தையும் இளமுளையைத் தின்னும். இரவில் விளக்கோடு சென்று பொறுக்க வேண்டும்.

அடித்தண்டில் வெள்ளைப் பூஞ்சணம் கட்டி, கொடி திடீரென்று மஞ்சளித்துச் சாய்ந்தால் அது கிழங்கழுகல். அதற்கு மீட்சி இல்லை. அக்கிழங்கையும் சுற்றியுள்ள மண்ணையும் அகற்றி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் நடாமல் விடுங்கள். இலையில் பழுப்புப் புள்ளிகள் பரவினால் அந்த இலைகளை மட்டும் நீக்கி, கொடிகளுக்கு இடையே காற்றோட்டம் செய்து கொடுத்தால் பெரும்பாலும் தணியும்.

விதையிலிருந்து வளர்ப்போருக்கு

பொறுமை உள்ளவர்களுக்கு மட்டுமே இது. காய் முற்றி வெளிறி, மூன்று பக்கமாக வெடிக்கத் தொடங்கும்போது உள்ளே செந்நிற விதைகள் தெரியும். குழந்தைகளின் கையை இழுக்கும் நிறம் அது. ஆகவே வெடிக்கும் முன்பே காயைப் பறித்துப் பூட்டி வையுங்கள். செந்நிற மேற்சதையைக் கையுறையோடு நீரில் கசக்கி நீக்கி, நிழலில் உலர்த்தி, அடுத்த மழைக்கு முன் ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, மணலும் இலைமக்கும் கலந்த தட்டில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைக்க வேண்டும். ஒன்று ஒரு மாதத்தில் முளைக்கும், மற்றொன்று மூன்று மாதத்திலும் முளைக்காது. முதல் ஆண்டில் சில இலைகளே வரும், கிழங்கு மொச்சை அளவே இருக்கும். பூவைக் காண மூன்று நான்கு மாரிகள் செல்லும்.

மீண்டும் உறக்கம்

தைப்பொங்கல் கழிந்ததும் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கும். நோய் என்று எண்ணி உரமிடுவதும் நீர் ஊற்றுவதும் கூடாது. இலையில் உள்ள சத்தைக் கிழங்குக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. பச்சை மிச்சம் இருக்கும் வரை தண்டை வெட்டாதீர்கள். மாசி கடைசியில் தண்டு வைக்கோல் போலக் காய்ந்து, தொட்டால் கையோடு வந்துவிடும். அப்போது பழைய கிழங்கு சுருங்கிச் சக்கையாகிப் போயிருக்கும். அதற்குப் பதிலாகப் புதிய கவைக்கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். நட்ட ஒரு கைக்கு இரு கை கிடைப்பதால் ஆண்டுக்கு ஆண்டு கொடிகள் பெருகும்.

மணல் நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துப் பிரித்து நட்டால் போதும். இடைப்பட்ட ஆண்டுகளில் மண்ணிலேயே விடலாம். களிமண் பகுதியில் கோடையில் இடையிடையே பெய்யும் மழை கிழங்கை அழுக வைக்கும் என்பதால் ஆண்டுதோறும் எடுப்பது நல்லது. அலவாங்கு வேண்டாம். தண்டு நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மண்வெட்டியால் பள்ளம் வெட்டி, அங்கிருந்து கையால் மண்ணைச் சரித்துக்கொண்டே உள்ளே வந்தால் நுனி முறியாமல் கிழங்கு வெளிப்படும். கழுவாமல் மண்ணை உதிர்த்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய மரப்பெட்டியில் ஒன்றோடொன்று முட்டாதவாறு அடுக்கி, பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் "நஞ்சு, உண்ணாதே" என்று பெரிதாக எழுதி, சமையற் பொருள்கள் வைக்காத அறையில் உயரத்தில் வையுங்கள். மண்ணிலேயே விடுவோர், கிழங்கு கிடக்கும் இடத்தில் நிறம் பூசிய தடியொன்றை ஊன்றி வைக்க வேண்டும்; கோடையில் வெறும் தரையாகத் தெரியும் அவ்விடத்தை, வளவு துப்புரவாக்க வந்தவர் மண்வெட்டியால் கொத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது.

ஆவணி பிறந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு முறை பாருங்கள். மெத்தென்று அமுங்கும் கிழங்கை எடுத்து, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மற்றவற்றை மணலால் மூடி வையுங்கள். சில கிழங்குகளின் நுனியில் வெளிறிய முளை அரிசி அளவுக்குப் புடைத்திருக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். வெளியே கச்சான் இன்னும் வீசிக்கொண்டிருக்கும், முதல் மழை வரும் வரை அவற்றுக்கு நீர் காட்ட வேண்டாம்.